ஃபெரெட்டைப் பச்சைக்கறிக்கு மாற்றும்போது பட்டினி போடாதீர்கள்

"பசிச்சா தானா தின்னும், விடு." கீரி போல நீண்ட உடம்புள்ள சிறு வளர்ப்புப் பிராணியான ஃபெரெட்டுக்குப் பச்சைக்கறி பழக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் சொன்னது இதுதான். தயவுசெய்து கேட்காதீர்கள். ஃபெரெட்டின் குடல் ரொம்பக் குட்டை. தின்றது மூன்று, நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அரை நாள் வயிறு காய்ந்தாலே சிலவற்றுக்கு ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். மூன்று வயது தாண்டிய ஃபெரெட்டுக்குக் கணையத்தில் சர்க்கரையை இன்னும் இறக்கிவிடும் கட்டி வருவது சகஜம் என்பதால், ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பின்னங்கால் தள்ளாடி, எச்சில் வழிந்து, வெறித்துப் பார்த்தால் ஈறில் துளி தேன் தடவிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

அது அடம் பிடிப்பதாக நினைப்பதும் தவறு. பிறந்த முதல் சில மாதங்களில் எந்த வாசனையை முகர்ந்து தின்றதோ, அதுதான் அதற்குச் சாப்பாடு. பெல்லட்டிலேயே (கடையில் விற்கும் உலர் தீவனக் குருணை) வளர்ந்ததற்குக் கறி என்பது தின்கிற பொருளென்றே தெரியாது.

எங்கள் மிளகு அப்படித்தான். பெரிய மார்க்கெட்டில் வாங்கிய கோழித் துண்டை முகர்ந்தான், கவ்வினான், கட்டிலுக்கடியில் இழுத்துப்போய் வைத்துவிட்டு வந்து பெல்லட் கிண்ணத்தின் முன் உட்கார்ந்தான். மறுநாள் எறும்புச் சாரை காட்டிக்கொடுத்த பிறகுதான் எனக்கே விஷயம் புரிந்தது. ஒளித்து வைப்பது இவற்றின் பிறவிக் குணம். புதுச்சேரிப் புழுக்கத்தில் கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது. கூண்டுக்குள் மட்டும் கொடுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள், மூலைமுடுக்கெல்லாம் தேடுங்கள்.

துண்டாக வைத்தது என் தவறு. அப்புறம் கோழிக்கறியை மைய அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அவன் பெல்லட்டையே பொடித்துத் தூவினேன். விரல் நுனியில் தொட்டு உதட்டோரம் தடவினால் நக்கித்தானே ஆக வேண்டும்! முதலில் தலையை உதறினான். நாலைந்து நாளில் விரலைத் தேடி வந்தான். தண்ணீரைக் குறைத்து, அரைப்பதைக் கொரகொரப்பாக்கி, துண்டுக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை பெல்லட் கிண்ணத்தை எடுக்கவே இல்லை.

கத்திரி வெயிலில் இதைத் தொடங்காதீர்கள். சூட்டில் ஃபெரெட்டுக்குப் பசியே குறையும். கறி பிடிக்கவில்லையா, வெயில் தாங்கவில்லையா என்று பிரித்துப் பார்க்க முடியாது. மார்கழி, தை நல்ல காலம்.

எலும்பில்லாத கறியை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் சுண்ணாம்புச் சத்து கிடைக்காது. கோழிக் கழுத்து, இறக்கை நுனி, காடை எல்லாம் பச்சையாகக் கொடுக்கலாம். வெந்த எலும்பு கூடவே கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். ஈரல் விரும்பித் தின்கிறதே என்று அள்ளிக் கொடுத்தால் வைட்டமின் ஏ மிஞ்சிவிடும். மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு போதும். இதயம் தாராளமாகச் சேர்க்கலாம். கடலோர ஊர் என்பதால் மத்தி மலிவு. ஆனால் பச்சை மத்தி தினமும் போனால் உடம்பிலுள்ள வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும்.

ஃப்ரீசரில் வைத்தால் பச்சைக்கறியில் இருக்கும் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி சாகாது. பலகையும் கத்தியும் தனியாக இருக்கட்டும்.

சமையல் தராசில் தினமும் எடை பாருங்கள். நூறு கிராம் இறங்கினாலும் பெல்லட்டைக் கூட்டுங்கள். கழிவு தார் போலக் கறுத்திருந்தால் வயிற்றில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.