டேக்கைப் படித்துவிட்டு நகருங்கள்: செட்டிநாட்டிலிருந்து வெளிநாடு வருபவர்களுக்கு

பள்ளத்தூரில் ஒரு கல்யாணம். அதற்காக வந்து காரைக்குடி வீட்டில் பத்து நாளாகத் தங்கியிருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண் அடுத்த வாரம் மேல்படிப்புக்கு அமெரிக்கா கிளம்புகிறாள். நேற்று சாயங்காலம் அவர்கள் வீட்டு வளவில் இரண்டு பெட்டிகளும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அம்மா தேன்குழலையும் சீப்புச் சீடையையும் டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தார். அப்பத்தா ஒரு பை கவுனி அரிசியோடு தன் முறைக்குக் காத்திருந்தார். அப்பா கையில் தொங்கு தராசு. வாயில் இருபத்து மூன்று, இருபத்து மூன்று என்ற ஜபம்.

"நடுவுல ரெண்டு இடத்துல பிளைட் மாறுதே, பெட்டி என்னாகும்?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்குப் போயிரும் ஆச்சி. டிக்கெட் போட்டவரு சொல்லிட்டாரு."

பதினோரு வருஷத்துக்கு முன் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகச் சிகாகோ, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் டாலஸ். கவுண்டரில் பெட்டியை வாங்கிக்கொண்டு, துண்டுச் சீட்டைப் பாஸ்போர்ட்டின் பின்னால் ஒட்டி, "டாலஸ்ல எடுத்துக்கங்க" என்றார்கள். டேக்கிலும் டாலஸ் என்றுதான் இருந்தது. சிகாகோவில் குடிநுழைவு முடிந்து வந்தால் எங்கள் விமானத்துப் பெட்டிகள் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. நமக்கு இங்கே வேலையில்லை என்று அதைப் பார்த்தபடியே தாண்டிப் போனேன். என் பெட்டி டாலஸுக்கு வந்தது மூன்றாம் நாள். அதுவரை ஜனவரிக் குளிரில் ஒரே சுடிதார். கவுண்டரில் இருந்தவர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னார். மீதிப் பாதி இது.

பெட்டியில் கை வைப்பதற்கு முன் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். போகிற வழி முழுக்க ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், நடுவில் விமான நிறுவனம் மாறினாலும் பெட்டியைக் கடைசி ஊர் வரை அனுப்ப அவர்களுக்குள் பொதுவாக ஏற்பாடு இருக்கும். தனித்தனியாக இரண்டு டிக்கெட் என்றால் முதல் விமானக்காரருக்கு உங்களுடைய இரண்டாவது விமானம் இருப்பதே தெரியாது. நம் பக்கத்தில் இது நிறைய நடக்கிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ ஒரு மலிவு டிக்கெட், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு இன்னொன்று. காசு மிச்சம்தான். ஆனால் சிங்கப்பூரில் பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் குடிநுழைவைத் தாண்ட வேண்டும், தாண்ட விசா வேண்டும். விசா இல்லாதவர் உள்ளே நிற்பார், பெட்டி வெளியே சுற்றும். அதனாலேயே திருச்சியில் ஏற்ற மறுப்பதும் உண்டு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்த டிக்கெட் காசும் போனதுதான். கைப்பெட்டி மட்டும் கொண்டு போகிறவர்கள் துணிந்து செய்யலாம். முதல்முறை, இரண்டு பெரிய பெட்டியோடு, புது ஊருக்குப் போகிறவர்கள் ஒரே டிக்கெட்டாக எடுப்பதுதான் என் கட்சி.

சரி, ஒரே டிக்கெட்தான், டேக்கும் கடைசி ஊருக்குத்தான். அப்போதும் சில நாடுகளில் நடுவில் பெட்டியை எடுத்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் நீங்கள் முதலில் கால் வைக்கும் விமான நிலையத்தில் சுங்கச் சோதனை. பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, திரும்பவும் ஒப்படைக்க வேண்டும். இது கேட்க மலைப்பாக இருக்கும், செய்ய எளிது. சுங்கத்தைத் தாண்டியதும் பெட்டியைத் திரும்பப் போடுவதற்கென்றே ஓர் இடம் இருக்கும். டேக் ஏற்கெனவே ஒட்டியிருப்பதால் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வார்கள். பெட்டியைக் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்: வழியில் வாங்கிய சென்ட் பாட்டிலோ, கைப்பையில் இருக்கும் வேறு திரவமோ 100 மில்லிக்கு மேல் இருந்தால் பெட்டிக்குள் தள்ளிவிடுங்கள். அடுத்த விமானத்துக்கு மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு, அங்கே பிடுங்கிக்கொள்வார்கள்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு அபுதாபி. அமெரிக்கக் குடிநுழைவையும் சுங்கத்தையும் அங்கேயே முடித்து ஏற்றும் வசதி இருக்கிறது. அப்படி முடித்து வந்தால் உள்நாட்டுப் பயணிபோல இறங்கி நடக்கலாம், பெட்டி தானாகப் போகும். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஊரிலேயே பெட்டியை எடுக்க வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்குள் மாறினால் பாஸ்போர்ட்டை முதல் ஊரில் பார்ப்பார்கள், பெட்டி கடைசி ஊருக்குப் போய்விடும்.

திரும்பி வரும்போது நம் நாட்டிலும் அமெரிக்கா மாதிரிதான். மும்பையில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் திருச்சி வருகிறவர், பொதுவாக மும்பையில் பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்துத் திரும்பப் போட வேண்டும். அங்கே டெர்மினல் 1 ஓரிடம், 2 வேறிடம் என்பதையும் டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். அம்மா அப்பாவை அழைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு யோசனை: சிங்கப்பூர், கொழும்பு, துபாய் வழியாக நேரே திருச்சியில் வந்து இறங்குகிற மாதிரி ஒரே டிக்கெட் கிடைத்தால், கொஞ்சம் கூட ஆனாலும் அதையே போடுங்கள். சுங்கம் திருச்சியிலேயே முடிந்துவிடும். விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருப்பதால் வண்டி ஏறினால் நேரே திருமயம் வழியாக வீடு.

இடையில் எவ்வளவு நேரம் விடுவது? அமெரிக்காவில் இறங்கி மாறுகிற இடத்தில் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக நான் எடுப்பதில்லை. ஒன்றரை மணி நேரத்திலும் டிக்கெட் விற்பார்கள். குடிநுழைவு வரிசை அதைக் கேட்டு நகராது.

இனி டேக். விமான நிலையங்களுக்கு மூன்றெழுத்துக் குறி உண்டு. திருச்சி டி.ஆர்.இசட்., மதுரை ஐ.எக்ஸ்.எம்., சென்னை எம்.ஏ.ஏ. டேக்கில் கொட்டை எழுத்தில் இருப்பது பெட்டி போய்ச் சேரும் ஊர். நீங்கள் போகும் ஊரின் குறியை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு, பெல்ட்டில் பெட்டி நகர்வதற்கு முன் ஒத்துப் பாருங்கள். சான் ஹோசே கலிஃபோர்னியாவிலும் இருக்கிறது, கோஸ்டா ரிக்காவிலும் இருக்கிறது, குறி எஸ்.ஜே.சி., எஸ்.ஜே.ஓ. என்று ஒரே ஓரெழுத்து வித்தியாசம். கையில் தரும் துண்டுச் சீட்டில் பத்து இலக்க எண் இருக்கும். அதையும் பெட்டியையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பயண டேக்கும் சின்னச் சின்னப் பார்கோடு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இயந்திரம் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. அப்புறம் கவுண்டரில் வாயைத் திறந்து கேளுங்கள்: "இது எந்த ஊர் வரைக்கும் போகுது? நடுவுல நான் எங்கயாவது எடுக்கணுமா?" இரண்டாவது கேள்வியைத்தான் நான் கேட்காமல் விட்டேன்.

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் இன்னும் ஒரு டிரங்குப் பெட்டி கிடக்கிறது. ஐயா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனபோது கொண்டு போனது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் விலாச எழுத்து, பக்கவாட்டில் ஊர்ப் பெயர். பாத்திரம் பாத்திரமாகப் பேர் வெட்டி வைக்கிற ஊர்க்காரர்கள் நாம். ஆனால் விமானத்துக்கு மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி கறுப்புப் பெட்டி வாங்கி மொட்டையாக அனுப்புகிறோம். நான் பழைய கண்டாங்கிச் சேலையில் ஒரு முழம் கிழித்துக் கைப்பிடியில் இறுகச் சுற்றித் தைத்துவிடுவேன். அரக்குச் சிவப்பு எட்டத்திலேயே தெரியும். பெயர், போகும் ஊர் விலாசம், தொலைபேசி எண் எழுதிய தாள் ஒன்று பெட்டிக்கு உள்ளேயும் இருக்கட்டும். வெளி டேக் அறுந்தால் திறந்து பார்ப்பார்கள்.

எடை விஷயம் சுருக்கமாக. அமெரிக்கா, கனடாவுக்குப் பெரும்பாலும் பெட்டிக் கணக்கு, ஒவ்வொன்றும் 23 கிலோ. வளைகுடாவுக்கு மொத்தக் கிலோக் கணக்கு. எப்படியானாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. டிக்கெட்டில் போட்டிருப்பதே கடைசி வார்த்தை.

என்ன வைப்பது என்பதில்தான் நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல். அப்பத்தாவின் கவுனி அரிசியை நான் வெளியே எடுக்கச் சொன்னேன். தானியத்தில் வரும் ஒருவகை வண்டுக்குப் பயந்து, இந்தியாவிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவர அமெரிக்கா விடுவதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அப்பத்தா முகம் சுருங்கிவிட்டது. பர்மாவிலிருந்து வந்த அரிசி அமெரிக்காவுக்குப் போகக் கூடாதா என்றார். கசகசா இன்னும் மோசம். குருமாவுக்கு நமக்கு அது மசாலா, அமீரகத்தில் போதைப்பொருள் கணக்கு. துபாய், அபுதாபி வழியாக மாறிப் போகிறவர்களும் ஒரு பொட்டலம்கூட வைக்காதீர்கள். கொப்பரைத் தேங்காய் தானே தீப்பற்றக்கூடிய பொருள் என்பதால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் கூடாது. ஊறுகாய் இதற்கு நேர்மாறு: பெட்டியில் போகலாம், கைப்பையில் போகாது. தேன்குழல், அதிரசம் மாதிரிப் பலகாரங்களைப் படிவத்திலோ அதிகாரியிடமோ உணவு இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொண்டு போங்கள். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், கூடாத பொருளென்றால் எடுத்துப் போடுவார்கள். மறைத்தால்தான் அபராதம், ஆஸ்திரேலியாவில் குறிப்பாக.

கைப்பையில் சான்றிதழ், நகை, மருந்து, ஒரு மாற்று உடை. டாலஸில் நான் கற்றது அந்தக் கடைசிப் பொருளை.

பெட்டி வராவிட்டால், பெட்டி எடுக்கும் கூடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் அங்கேயே விமான நிறுவன மேசையில் புகார் எழுதி, பி.ஐ.ஆர். எனும் அந்தப் புகாரின் எண்ணை வாங்குங்கள். வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவது பெரும்பாடு. பல விமான நிறுவனம் மாறி வந்திருந்தாலும், கடைசியாக உங்களைக் கொண்டுவந்து இறக்கிய நிறுவனத்திடம்தான் போக வேண்டும். அந்த எண்ணை வைத்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்று இணையத்தில் பார்க்கலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். 21 நாள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகவே கணக்கு. நஷ்டஈட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), சுமார் 2000 டாலர். அது உச்சம்தான், எல்லோருக்கும் கிடைக்கும் தொகை என்று நினைக்க வேண்டாம். என்னென்ன இருந்தன, என்ன விலை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். பெட்டி மூடுவதற்கு முன் உள்ளே ஒரு படம் எடுத்து வைப்பது அதற்கும் உதவும்.

பெட்டி வரும்வரை வாங்குகிற அவசியச் சாமான்களுக்கும் காசு கேட்கலாம். சில வருஷம் கழித்து, என் தப்பு ஒன்றுமில்லாமலே ஒருமுறை பெட்டி இரண்டு நாள் தங்கிவிட்டது. பற்பசை, உள்ளாடை, ஒரு கம்பளிச் சட்டை வாங்கினேன். பற்பசைக்கும் உள்ளாடைக்கும் பணம் வந்தது. கம்பளிச் சட்டை பில்லைக் கடை வாசலிலேயே கசக்கிப் போட்டிருந்தேன்.