பள்ளிக்கூட ஊசி: பெற்றோரிடம் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் பள்ளியில் ஒரு தடுப்பூசி முகாம். புதிதாகச் சேர்ந்த செவிலியர் ஒருவர், மகளைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம், “கவர்மெண்ட் ஆர்டர்ம்மா, போட்டுத்தான் ஆகணும்” என்றார். அந்த அம்மா பதில் பேசவில்லை. மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. கிராம சுகாதார செவிலியராக வேலைக்கு வந்த புதிதில் இதே வசனத்தை நானும் பேசியிருக்கிறேன்.

ஐஸ் பேக், மருந்தின் அளவு, பதிவேடு எல்லாம் பயிற்சியிலேயே சொல்லித்தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

கட்டாயம் என்று மிரட்டுவது

மிரட்டாதீர்கள். கட்டாயமும் இல்லை.

படிவத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, முதலில் என்மேல். ஒரு வருடம் பத்தாம் வகுப்புக்காக அறுபது ஒப்புதல் படிவங்களை ஆசிரியரிடம் கொடுத்தேன். இரண்டே நாளில் ஐம்பத்தெட்டு கையெழுத்தோடு திரும்பின. பெருமையாக ரிப்போர்ட் அனுப்பி, ஊசியும் போட்டாயிற்று. மறுநாள் காலை ஓர் அப்பா துணை சுகாதார நிலைய வாசலில் நிற்கிறார். மகளுக்கு ராத்திரி காய்ச்சல், கை வீக்கம். “யாரைக் கேட்டும்மா போட்டீங்க?” படிவத்தை எடுத்து அவர் கையெழுத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான் கைநாட்டுங்க.”

அப்புறம்தான் கட்டு முழுவதையும் புரட்டினேன். ஒரே ஊதா ஜெல் பேனா, ஒன்பது அப்பாக்கள்.

காய்ச்சல் ஒரு நாளில் போய்விட்டது. லேசான காய்ச்சலும் கை வலியும் வருவது சகஜம்தான். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார். ஆனால் அந்தத் தெருவில் அடுத்த ஆறு மாதம், கைக்குழந்தைக்குத் தட்டம்மை ஊசி என்று போனாலும் கதவு திறக்கவில்லை.

என் ஊரில் மட்டும் நடந்த கதையல்ல இது. 2009-ல், அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி) தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று நடந்தது. விடுதிப் பிள்ளைகள் பலருக்கு வார்டன்களும் தலைமை ஆசிரியர்களுமே கையெழுத்துப் போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளில் சிலர் பின்னால் இறந்துபோனார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, மலேரியா என்று வேறு காரணங்களைத்தான் விசாரணைக் குழு கண்டது. ஆனால் யார் நம்புவார்கள்? பெற்றவர்களை ஒருவரும் கேட்கவில்லையே. 2010 ஏப்ரலில் திட்டமே நின்றுபோனது.

இப்போதெல்லாம் படிவத்துக்கு முன்னால் நான் போகிறேன். நூறு நாள் வேலை நடக்கும் இடம், மகளிர் குழுக் கூட்டம், ரேஷன் கடை வரிசை. படிவத்தில் என் போன் நம்பரைக் கையால் எழுதுகிறேன். முகாமுக்கு முந்தின நாள் நாலைந்து வீடுகளுக்குப் போன் போட்டு, “கையெழுத்து உங்களுதுதானே?” என்று கேட்டுவிடுகிறேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இரண்டு டிடி

“போன மாசம்தான் ஆணி குத்திச்சுன்னு டிடி போட்டோம்” என்பார்கள். பழைய டிடி (TT) ரணஜன்னிக்கு மட்டும். 10 வயதிலும் 16 வயதிலும் நாம் இப்போது போடும் டிடி (Td), தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து. நம் காதுக்கே இரண்டும் ஒன்றாகத்தான் விழுகிறது, அவர்களை என்ன சொல்வது? ஊசியின் பெயரை விடுங்கள், நோயின் பெயரைச் சொல்லுங்கள். சீட்டு வைத்திருந்தால் வாங்கிப் பார்த்து மருத்துவரைக் கேளுங்கள். “சின்னதுல எல்லாம் போட்டாச்சே” என்பவர்களிடம், அதன் பலம் வருடம் போகப்போகக் குறையும் என்று சொன்னால் போதும்.

எச்.பி.வி. என்றதும் குரலைத் தாழ்த்துவது

“கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு எதுக்கு?” என்று கேட்பார்கள். நாம் நெளிந்தால் அவர்களும் நெளிவார்கள். “மஞ்சள் காமாலை ஊசியைப் பிறந்த அன்னிக்கே போட்டோமே, குழந்தைக்கு அப்பக் காமாலையா இருந்துச்சு?” என்று நான் திருப்பிக் கேட்பேன். கிருமி வரும் முன் போட்டால்தான் முழுப் பலன். 9 முதல் 14 வயது என்று வைத்திருப்பது அதற்குத்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று சத்தமாகவே சொல்லுங்கள். அதில் தன் அக்காவையோ மாமியாரையோ பறிகொடுத்த ஒருத்தர் கூட்டத்தில் இருப்பார். அப்புறம் அவர் பேசிக்கொள்வார்.

வெறும் வயிறு

சாப்பிடாத பிள்ளைக்குப் போடாதீர்கள். ஒருத்தி மயங்கினால் பின்னால் நிற்கும் நாலு பேரும் மயங்குவார்கள். வீடியோ பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றிவிடும்.

காரணம் கேட்காமல் விடுவது

பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்த அந்த அம்மாவின் வீட்டுக்கு அன்று சாயங்காலம் போனேன். கோபமெல்லாம் இல்லை, காபி போட்டுக் கொடுத்தார். பக்கத்தில் ஆண் வாத்தியார் நின்றதால் வாயைத் திறக்க முடியவில்லையாம். “பாப்பாவுக்கு இன்னிக்கு ரெண்டாம் நாள். இந்த நேரத்துல போடலாமா சிஸ்டர்?”

போடலாம் என்றேன். அடுத்த புதன்கிழமை இருவரும் வந்தார்கள்.