தவளை எந்த நிலை நுகர்வோர்? வரப்பில் நின்று கண்டுபிடிக்கலாம்

தவளை எந்த நிலை நுகர்வோர், அதாவது பிற உயிர்களைத் தின்று வாழும் உயிர்களின் வரிசையில் எத்தனையாவது என்று கேட்டால் பிள்ளைகள் பட்டென்று "இரண்டாம் நிலை" என்பார்கள். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்றுதானே படம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நிலை என்பது விலங்கோடு பிறந்த பட்டம் இல்லை. அது எதைத் தின்றது என்பதைப் பொறுத்து மாறும். ஒரு நெல்வயலை வைத்துப் பார்ப்போம்.

படி 1: தன் உணவைத் தானே தயாரிக்கும் உயிரைத் தேடுங்கள். வயலில் அது நெற்பயிர். தேங்கிய தண்ணீரில் பாசி. இவை உற்பத்தியாளர்கள். எதை எது தின்கிறது என்று காட்டும் உணவுச் சங்கிலி இங்கிருந்து தொடங்கும்.

படி 2: அம்புக்குறி போடுங்கள். பலர் தடுமாறும் இடம் இது. "எலி நெல்லைத் தின்கிறது" என்று சொல்லிக்கொண்டே எலியிலிருந்து நெல்லுக்கு அம்பு போட்டுவிடுவார்கள். அம்பு காட்டுவது சாப்பாடு போகும் திசையை. எனவே நெல் → எலி → கூகை.

படி 3: அம்புகளை எண்ணுங்கள். முதல் அம்பு சேரும் இடத்தில் இருப்பது முதல்நிலை நுகர்வோர், அடுத்தது இரண்டாம் நிலை. இங்கே எலி முதல்நிலை, கூகை இரண்டாம் நிலை.

சரி, இப்போது குனிந்து நெல் தூரை விலக்கிப் பாருங்கள். தண்ணீருக்குச் சற்று மேலே தண்டில் ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறப் பூச்சிகள் சாறு உறிஞ்சும். அதுதான் புகையான். அதை வேட்டையாட ஓநாய்ச் சிலந்தி வலை பின்னாமல் ஓடித் திரியும். சிலந்தியைத் தவளை பிடிக்கும், தவளையைத் தண்ணீர்ப்பாம்பு பிடிக்கும்.

நெல் → புகையான் → சிலந்தி → தவளை → தண்ணீர்ப்பாம்பு

எண்ணிப் பாருங்கள், தவளை மூன்றாம் நிலைக்குப் போய்விட்டது! அதே தவளை புகையானை நேராகத் தின்றால் இரண்டாம் நிலை. தலைப்பிரட்டையாகப் பாசியைச் சுரண்டித் தின்ற நாட்களில் அது முதல்நிலை. தலைப்பிரட்டையின் வயிற்றுப் பக்கம் பார்த்தால் தோலுக்கு அடியில் குடல் கொசுவத்திச் சுருள் போலத் தெரியும். பாசியைச் செரிக்க அவ்வளவு நீளக் குடல் வேண்டும். தவளையாக மாறும்போது குடலும் குட்டையாகிவிடும். இந்தப் பாடத்தை இதைவிட அழகாகச் சொல்லும் உயிர் எனக்குத் தெரிந்து வேறில்லை.

படி 4: எலி நெல்லோடு நத்தை, நண்டையும் தின்னும். இப்படிப்பட்ட அனைத்துண்ணிகளுக்கு ஒவ்வொரு சங்கிலியிலும் தனியாக நிலை எழுதுங்கள். சங்கிலிகளைச் சேர்த்து வரைந்தால் உணவு வலை கிடைக்கும்.

படி 5: ஆற்றலைப் போட்டுப் பாருங்கள். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் சுமார் 10 சதவீதம்தான் போகும். அமெரிக்கச் சூழலியல் அறிஞர் ரேமண்ட் லிண்டமேன் 1942இல் எழுதிய ஏரி ஆய்விலிருந்து வளர்ந்த கணக்கு இது. நெல்லில் 1,000 ஜூல் என்றால் புகையானுக்கு 100, சிலந்திக்கு 10, தவளைக்கு 1. சங்கிலிகள் நீளாமல் நின்றுவிடுவது இதனால்தான்.

படி 6: ஒரு நுகர்வோரை அழித்துவிட்டுப் பாருங்கள். நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் படி இது. சிலந்தியை அழியுங்கள். பூச்சிக்கொல்லி அடித்த வயலில் நடப்பது அதுதான். சிலந்திகள் செத்துப்போகும், இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டைகளோ தப்பிவிடும். பொரித்து வரும் குஞ்சுகளைத் தின்ன ஆள் இருக்காது. இந்தோனேசியாவில் புகையான் இப்படிப் பெருகித்தான், 1986இல் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று தடை செய்தது.