டேப்பைச் சுற்றிய இடம் எது? வனவியல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு கோடைக்கு முன்பும் களக்காட்டிலிருந்தும் மாஞ்சோலைப் பக்கமிருந்தும் ஆய்வு மாணவர்கள் டேட்டா ஷீட்டுகளோடு மலையிறங்குகிறார்கள். அந்தத் தாள்களில் இருக்கும் பிழைகள் புதியவை அல்ல. இன்று கைடாக இருப்பவர்கள் அந்த வயதில் செய்தவையேதான். பேட்டரி இல்லாமல் கேமரா கொண்டுபோவது, அட்டை கடிக்காமலிருக்கக் காலுறை போடாமல் நடப்பது இவற்றையெல்லாம் காடே ஒரு நாளில் கற்றுக்கொடுத்துவிடும். காடு கற்றுக்கொடுக்காத, கணினி முன் உட்காரும்போதுதான் தெரியவரும் தவறுகளே இங்கே.

அளந்த இடத்தைக் குறிக்காமல் வருவது

இதைவிட அதிகமாக உழைப்பைத் தின்னும் தவறு வேறில்லை. எத்தனை முறை சொன்னாலும் மறுபடி நடப்பதால் எரிச்சலும் இதன் மேல்தான்.

ஒரு கணக்கு. பசுமைமாறாக் காட்டில் 40 செ.மீ. விட்டமுள்ள ஒரு மரம் ஆண்டுக்கு 2 மி.மீ. பருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டில் சுற்றளவு கூடுவது 3.1 செ.மீ. மட்டுமே. அந்த 3 சென்டிமீட்டரைக் கண்டுபிடிக்கத்தான் திரும்பப் போகிறோம். அடிமரமோ மேலே போகப் போக ஒடுங்கிக்கொண்டே வரும். வெடிப்பலா போலப் பலகை வேர் விட்ட மரத்தில் டேப் ஒரு சாண் ஏறி இறங்கினாலே ஐந்து ஆண்டு வளர்ச்சி முழுவதும் அதில் மறைந்துபோகும். முதல் குழு கீழேயும் அடுத்த குழு மேலேயும் சுற்றியிருந்தால், தாளில் மரம் மெலிந்திருக்கும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் பெரிய கேடு. எக்செலில் மைனஸ் வந்த மரங்களை மட்டும் நீக்கிவிடுகிறார்கள். ஐந்து மரங்கள் உண்மையில் 2 செ.மீ. வீதம் வளர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்; அளவுப் பிழை −5, −1, 0, +1, +5. தாளில் விழுவது −3, 1, 2, 3, 7. சராசரி 2, சரியாகவே இருக்கிறது. மைனஸ் மரத்தை நீக்கியதும் சராசரி 3.25 ஆகிவிடும். இல்லாத வளர்ச்சி அறுபது சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. மேல்நோக்கிப் பிழையான 7 யார் கண்ணையும் உறுத்தாமல் உள்ளேயே இருக்கிறது. நீக்குவதானால் இரண்டு பக்கமும் ஒரே வரம்பு வைத்து நீக்க வேண்டும், அந்த வரம்பைக் கட்டுரையில் எழுதவும் வேண்டும்.

களத்தில் செய்ய வேண்டியது: மார்பளவு உயரமான 1.3 மீட்டருக்கு ஒரு கம்பு வெட்டிக்கொள்ளுங்கள். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று, சருகை ஒதுக்கி, மண்ணில் ஊன்றி உயரம் பாருங்கள். பாசியைத் துடைக்கலாம், பட்டையைச் சுரண்டக் கூடாது. கொடி படர்ந்திருந்தால் அதைத் தூக்கி அடியில் டேப்பை நுழையுங்கள். சாய்ந்த மரத்தில் உயரத்தைச் சாய்வின் உட்பக்கமாகத் தண்டோடு ஒட்டி அளந்து, டேப்பைத் தண்டுக்குக் குறுக்காகச் சுற்றுங்கள். தரைக்கு இணையாகச் சுற்றினால் அளவு கூடிவிடும். பலகை வேர் 1.3-ஐத் தாண்டினால், அது முடியும் இடத்துக்கு 50 செ.மீ. மேலே அளக்க வேண்டும். அதற்கு ஏணி வேண்டும், அண்ணாந்து பார்த்து எழுதும் மதிப்பு வேண்டாம். 1.3-க்குக் கீழே கவை பிரிந்தால் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே அளந்து ஒரே எண்ணின் கீழ் எழுதுங்கள்.

அளந்த கையோடு டேப்பின் தடத்திலேயே பெயின்ட் கோடு. எண் தகட்டை அந்தக் கோட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி அடியுங்கள், ஆணி அடித்த இடம் புடைக்கும், அந்தப் புடைப்பு அளவில் சேரக் கூடாது. அலுமினிய ஆணியை இரண்டு விரற்கடை வெளியே நீட்டி விடுங்கள், இல்லையென்றால் மரம் தகட்டை விழுங்கிவிடும். தாளில் ‘அளந்த உயரம்’ என்று தனிக் கட்டம் ஒவ்வொரு மரத்துக்கும் வேண்டும். பெயின்ட் அழிந்தாலும் அந்த எண் அழியாது.

மறு அளவுக்குப் போகும்போது பழைய தாளின் நகலைக் கையில் வைத்திருங்கள். மரத்தடியிலேயே வித்தியாசத்தைப் பார்த்தால் அங்கேயே மறுபடி அளக்கலாம். திருநெல்வேலிக்கு வந்த பிறகு தெரிந்து பயனில்லை. முதலில் அளந்த மாதத்திலேயே அளக்கவும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்டு ஊறிப் பருக்கும், கோடையில் சற்றுச் சுருங்கும். மெதுவாக வளரும் மரத்தில் அந்த மில்லிமீட்டர்களே ஒரு வருட வளர்ச்சி.

இன்னொன்று: இந்திய வனத்துறை வழக்கில் மார்பளவு உயரம் 1.37 மீட்டர். பழைய பதிவேட்டோடு ஒப்பிடப் போகிறீர்களானால் முதலில் இதைப் பாருங்கள்.

சரிவில் 20-க்கு 20 மீட்டர் ப்ளாட்

பரப்பு என்பது கிடைமட்டப் பரப்பு. 30 பாகைச் சரிவில் தரையோடு டேப்பைப் போட்டு 20 மீட்டர் அளந்தால் கிடைமட்டத்தில் கிடைப்பது 17.3 மீட்டர்தான். உங்கள் 400 சதுர மீட்டர் ப்ளாட் உண்மையில் 346. அதில் 40 மரம் இருந்தால் ஹெக்டேருக்கு 1,000 என்று எழுதுவீர்கள். சரியான எண் 1,155. கிளினோமீட்டரில் சரிவைப் பார்த்து, 20-ஐக் கொசைனால் வகுத்து 23.1 மீட்டர் போடுங்கள். அல்லது ஐந்தைந்து மீட்டராக, டேப்பைக் கிடையாகப் பிடித்துப் படி இறங்குவது போல அளந்து வாருங்கள். 10 பாகைக்குள் என்றால் வித்தியாசம் ஒன்றரை சதவீதம். காக்காச்சி மேட்டில் அந்தச் சமதளம் எங்கே கிடைக்கப்போகிறது?

சுற்றளவை விட்டக் கட்டத்தில் எழுதுவது

அடிப்பரப்பு (தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு) சுமார் பத்து மடங்காகும். கட்டத்தின் தலைப்பில் அலகோடு எழுதுங்கள்.

ஊர்ப்பெயரோடு நிறுத்துவது

கூட வரும் காணிக்காரர் (இந்த மலைகளின் பழங்குடியினர்) மரத்தைப் பட்டையின் வெட்டிலேயே அடையாளம் சொல்வார். அந்த அறிவு பெரிது. ஆனால் ‘பாலை’ என்று மட்டும் தாளில் எழுதிவந்தால், அது மணில்காரா ஹெக்ஸாண்ட்ராவா, வெப்பாலையான ரைட்டியா டிங்க்டோரியாவா, ஏழிலைப்பாலையான அல்ஸ்டோனியா ஸ்காலாரிஸா என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. மலைமேல் ‘நாவல்’ என்பதும் அப்படியே, நாவலின் பேரினமான சிசிஜியத்தில் பல இனங்கள் உண்டு. பெயரை அவர் சொன்னபடியே எழுதி, மரத்தின் தகடு எண்ணை இட்டு ஒரு மாதிரியும் எடுங்கள். பூவோ காயோ இல்லாத கிளை பெரும்பாலும் போதாது. அந்த மரத்துக்குப் பருவத்தில் மறுபடி போக வேண்டும். ஈரக்காட்டில், மாதிரியை அழுத்திக் காயவைக்கும் பிரஸ்ஸின் செய்தித்தாளை தினமும் மாற்றாவிட்டால் இலை கறுத்துக் கழன்றுவிடும். மாதிரியை ஒட்டும் தாளின் அளவு 42 × 28 செ.மீ.; கிளையை அதற்கேற்ப நறுக்குங்கள்.

ஜி.பி.எஸ். புள்ளி

8 பாகை 41.5 நிமிடம் என்பது 8.415 அல்ல, 8.692. மாற்றி எழுதினால் ப்ளாட் 30 கிலோமீட்டர் தெற்கே போய்விடும்.

ஒரே தோப்பில் முப்பது ப்ளாட்

ஒரே தேக்குத் தோட்டத்துக்குள் முப்பது ப்ளாட் போட்டாலும் தோட்டம் ஒன்றுதான். தேக்கு பற்றிப் பொதுவாகப் பேச முப்பது தோட்டம் இல்லாவிட்டாலும் ஐந்தாறாவது வேண்டும்.

மண் கார்பனைச் சதவீதத்தோடு விடுவது

ஹெக்டேருக்கு எத்தனை டன் என்பது சதவீதம் × மண் அடர்த்தி × ஆழம். 2 சதவீதம், 30 செ.மீ. ஆழம். அடர்த்தி கன செ.மீ.க்கு 1.5 கிராம் உள்ள மணல்மண்ணில் 90 டன், 0.9 உள்ள மக்கு நிறைந்த காட்டு மேல்மண்ணில் 54 டன். அடர்த்தி பார்க்க வளையத்தால் மண் எடுங்கள். 5 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ள வளையம் 98 கன செ.மீ. பிடிக்கும். அதைக் கசங்காமல் எடுத்து 105 பாகை செல்சியஸில் எடை மாறாத வரை காயவையுங்கள். கல் இருந்தால் தனியே எடை போட்டுக் கழியுங்கள்.

அனுமதி

களக்காடு–முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். ஆய்வுக்காக உள்ளே போக 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி எழுத்து அனுமதி வேண்டும், மாதிரி எடுப்பதை மனுவில் தனியே கேட்க வேண்டும். காணிக்காரரின் மருந்தறிவைப் பதிவதானால் அவர்கள் சம்மதத்தை முதலில் பெறுங்கள். கேரளப் பக்கக் காணிகள் 1987-ல் காட்டித்தந்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையில் வந்த வருமானப் பங்கு பற்றிய பேச்சு இன்றும் அவர்களிடையே உண்டு. கோப்பு நகர மாதங்கள் ஆகும். மார்ச்சில் அளக்க வேண்டிய ப்ளாட்டுக்கு முந்தைய ஆடியிலேயே மனுப் போடுங்கள். தாமதமாக வந்த அனுமதியோடு மழைக்காலத்தில் ஏறி, ஊறிய தண்டை அளந்து, கோடை அளவோடு கழித்துப் பார்க்காதீர்கள். அந்த ஆண்டை விட்டுவிட்டு அடுத்த மார்ச்சுக்குப் போங்கள்.