ஆறுக்கு ஆறு சமம் என்று யார் சொன்னது?

வேலூர், காட்பாடி வட்டாரத்தில் விடுமுறை நாட்களில் நடக்கும் சிறுவர் சதுரங்கப் போட்டிகளுக்கு மாணவர்களை அழைத்துப் போகிறவன் நான். சிப்பாய் 1, குதிரை 3, மந்திரி 3, யானை 5, ராணி 9 என்று காய்களின் மதிப்பை ஒப்பிக்காத குழந்தையை அங்கே பார்க்கவே முடியாது. ஆட்டம் தொடங்கும்போது ராஜாவை விட்டுவிட்டு இரு பக்கமும் 39 என்று கூட்டிச் சொல்பவர்கள்கூட உண்டு. ராணியைச் சும்மா பறிகொடுக்காதே, வெட்டும்முன் ஒருமுறை பார் என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். அதை நான் எழுத வேண்டியதில்லை. இந்த அட்டவணை தெரிந்தும், சில சமயம் தெரிந்ததாலேயே, தோற்பவர்களுக்குத்தான் இது. அவர்கள் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குதிரையும் மந்திரியும் கொடுத்து யானை வாங்குவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நாங்கள் ஆடத் தொடங்கிய நாட்களிலும் இதே கூத்துதான்.

வெள்ளை, ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. குதிரை வெளியே வருகிறது. மந்திரி வந்து, கறுப்பு ராஜாவின் அருகே உள்ள எஃப்7 கட்டத்துச் சிப்பாயைக் குறிவைக்கிறது. பிறகு கோட்டை கட்டுகிறது, அதாவது ராஜாவை ஓரமாக ஒதுக்கி, யானையை அதன் மறுபக்கம் கொண்டுவருகிறது. கறுப்பும் இரண்டு குதிரைகளையும் ஒரு மந்திரியையும் வெளியே எடுத்து வைக்கிறது. அப்போது வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவுகிறது. கறுப்பு அலட்டிக்கொள்ளாமல் கோட்டை கட்டுகிறது. உடனே தொடங்குகிறது வெட்டு: குதிரை எஃப்7 சிப்பாயை, யானை குதிரையை, மந்திரி செக் வைத்து யானையை, கடைசியில் ராஜா மந்திரியை.

கொடுத்தது 3 + 3. வாங்கியது 1 + 5. கணக்குச் சரி, ஆட்டம் போச்சு.

அண்மையில் ஒரு பள்ளி மண்டபத்தில் குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஒரு பையன் இப்படித் தோற்றுவிட்டு, ஸ்கோர் ஷீட்டைக் கையில் பிடித்தபடி வந்தான். “சார், ஆறுக்கு ஆறுதானே? நான் எங்கே தோற்றேன்?” என்றான். தாழ்வாரத்தில் பலகையை விரித்து, அந்தக் கடைசி வெட்டு முடிந்த நிலையை அடுக்கினேன். “உன் காய்களில் வெளியே நிற்பது எது, காட்டு” என்றேன். விரல் பலகைமேல் அலைந்து, தனியாக நின்ற ஒரே ஒரு சிப்பாயில் போய் நின்றது. மிச்சமிருந்த குதிரை, மந்திரி, ராணி மூன்றும் பிறந்த இடத்திலேயே. ஒரு யானை மூலையில். கோட்டை கட்டியபோது வந்த யானையோ தன் சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டு நின்றது. எதிரில் இரண்டு குதிரைகளும் ஒரு மந்திரியும் தயாராக நின்றன. “ராஜா வெளியே வந்துவிட்டதே சார்” என்றான். வந்தால் என்ன? அதைத் துரத்த இவனிடம் ஆள் வேண்டாமா? ஒரே நகர்த்தலில் அது கோட்டை கட்டி நின்ற ஜி8 கட்டத்துக்குத் திரும்பிவிடும்.

குதிரைக்கு மூன்று நகர்த்தல், மந்திரிக்கு இரண்டு. இந்த ஐந்தையும் செலவழித்துக் கொண்டுவந்த இரண்டு காய்களும் இப்போது பலகையில் இல்லை. கறுப்பு இழந்த யானையோ கோட்டை கட்டியபோது ஒரு முறை நகர்ந்தது, குதிரையை வெட்ட ஒரு முறை நகர்ந்தது, அவ்வளவுதான். யானைக்கு 5 என்ற மதிப்பு, நேர்வரிசைகளில் சிப்பாய்கள் விலகி வழி திறந்த பிறகு கிடைப்பது. தொடக்கத்தில் யானை வாங்குவது வறண்ட பாலாற்றில் ஓட்டப் பரிசல் வாங்குவது போல. அதோடு, குதிரையும் மந்திரியும் சேர்ந்து ஒரு கட்டத்தை இரண்டு முறை தாக்கும். ஒற்றை யானையால் அதை ஒரு முறைதான் காக்க முடியும்.

அட்டவணையையே நம்புகிறவர்களுக்கு இன்னோர் அட்டவணை இருக்கிறது. அமெரிக்க ஆட்டக்காரர் லாரி காஃப்மன் ஏராளமான ஆட்டங்களைக் கணினியில் அலசி 1999-இல் வெளியிட்ட கணக்கில் குதிரைக்கும் மந்திரிக்கும் தலா 3¼, யானைக்கு 5. அதன்படியே பார்த்தாலும் 6½ கொடுத்து 6 வாங்கியிருக்கிறான். எத்தனை காய் வெளியே வந்திருக்கிறது என்பதை அந்தக் கணக்கும் சொல்லாது.

எரிச்சலுக்கு உண்மையான காரணம் வேறு. இந்த வெட்டு பல நேரம் ஜெயித்துவிடுகிறது. எதிரே இருக்கும் குழந்தை, ராஜா நடுத்தெருவுக்கு வந்துவிட்டதென்று பதறி அடுத்தடுத்துக் காய்களை விடும். தெருவிலும் வகுப்பிலும் நான்கு பேரை இப்படி வென்றவன், மாவட்டப் போட்டியில் பதறாத ஒருத்தியிடம் மாட்டும்வரை இதை வித்தை என்றே நம்புகிறான். சில பயிற்சி வகுப்புகளில் இதை வித்தையாகவே சொல்லியும் கொடுக்கிறார்கள்.

கறுப்பு இன்னும் கோட்டை கட்டாதபோது குதிரையை எஃப்7-இல் பலியிடுவது வேறு கதை. அங்கே யாரும் ஆறு, ஏழு என்று எண்ணுவதில்லை. ராஜாவைப் பிடிக்க முடியுமா என்றுதான் பார்க்கிறார்கள்.

மந்திரியும் குதிரையும் ஒன்றே என்பது

இரண்டுக்கும் 3 என்பதால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிக்கொள்கிறார்கள். உங்கள் சிப்பாய்கள் எல்லாம் கறுப்புக் கட்டங்களில் அடைத்து நின்றால், கறுப்புக் கட்ட மந்திரி வெறும் உயரமான சிப்பாய். இரண்டு மந்திரிகளும் கையில் இருந்தால் அந்த ஜோடிக்கு மட்டும் காஃப்மன் சராசரியாக அரைச் சிப்பாய் கூடுதலாகத் தருகிறார். கடைசியில் தனி ராஜா எதிரே நிற்கும்போது இரண்டு மந்திரிகளால் மேட் செய்யலாம். இரண்டு குதிரைகளால் அதைக் கட்டாயப்படுத்த முடியாது. ஓரத்துச் சிப்பாய் ராணியாகும் மூலை உங்கள் மந்திரியின் நிறம் அல்லவென்றால், எதிரி ராஜா அந்த மூலைக்குள் புகுந்துகொண்டபின் ஆட்டம் டிராதான்.

வெட்டிய காய்களை மேஜையோரம் அடுக்கி எண்ணுவது

பலகையில் நிற்பவற்றை எண்ணுங்கள்.

யானையை எதற்கும் விடாமல் பிடித்துக்கொள்வது

1953-இல் ஜூரிச்சில் அமெரிக்காவின் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராக ஆடிய, பின்னாளில் உலகச் சாம்பியனான டிக்ரான் பெட்ரோசியன், எதிரியின் மந்திரி வெட்டக்கூடிய கட்டத்தில் தன் யானையைத் தானே கொண்டுபோய் வைத்தார். எதிரியின் நடுச்சிப்பாய்கள் முன்னேறாமல் தடுத்து, தன் குதிரையை நடுக்கட்டத்தில் அசைக்க முடியாதபடி நிறுத்த அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஆட்டம் டிரா ஆனது. தொடக்கநிலையில் இதைப் பின்பற்ற வேண்டாம். ஆனால் ஒருமுறை பலகையில் ஆடிப் பாருங்கள்.

சமமான வெட்டில் ஆபத்தில்லை என்பது

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது ஆட்டம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். மற்றபடி இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் டிங் லிரன் தன் யானையைக் குகேஷின் யானை வெட்டும் கட்டத்தில் நிறுத்தினார். 5-க்கு 5. ஆனால் அவருடைய மந்திரி மூலையில் இருந்தது. யானைகள் போனதும் குகேஷ் தன் மந்திரியை அதே சாய்வுக்கோட்டில் கொண்டுவந்து வைக்க, டிங்கால் அந்த வெட்டையும் தவிர்க்க முடியவில்லை. 3-க்கு 3. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும், அந்தக் கூடுதல் சிப்பாயும். டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அத்தனையும் சம வெட்டு. வெட்டிய பிறகு பலகையில் என்ன மிஞ்சும் என்பதைக் கற்பனையில் அடுக்கிப் பார்க்காமல் யானையை யானைக்கு மாற்றாதீர்கள்.

ராஜாவை ஒளித்தே வைத்திருப்பது

ராணிகள் போன பிறகுமா? அப்போது ராஜாவும் வெளியே வந்து வேலை செய்ய வேண்டாமா?

ஏழாம் வரிசைக்கு வந்த சிப்பாயை 1 என்று எண்ணுவது

இவர்களோடு நான் வாதாடுவதில்லை. அடுத்த நகர்த்தலில் அதை ராணியாக்கி எதிரியே விளக்கிவிடுவான்.