பிள்ளை தங்கலையா, கர்ப்பப்பைய எப்படி செக் பண்றது
நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவ, எங்க வீட்டுல பீரியட் வலின்னா வெந்தயம் முழுங்கு, கல்யாணம் ஆனா சரியாயிடும், அவ்வளவுதான் வைத்தியம். எட்டு வருஷம் பொன்ஸ்டான் வலி மாத்திரை போட்டே ஓட்டுனேன், காட்டுன டாக்டரும் வயித்த தொட்டுப் பாக்கல, கல்யாணமாகி பிள்ளை தங்காம ஸ்கேன் பண்ணப்பதான் அடினோமயோசிஸ்ங்கற கர்ப்பப்பை வீக்கம்னு தெரிஞ்சுச்சு. உங்களுக்கு அந்த எட்டு வருஷம் வீணாக வேணாம் தங்கச்சிங்களா.

முதல்ல மளிகைக்கடையில குடுப்பாங்களே தேதி காலண்டர், அதுலயே செவப்பு பேனால குறிங்க. எந்த தேதி வந்துச்சு, எந்த தேதி நின்னுச்சு, அன்னிக்கு எத்தன பேட் மாத்துனீங்க, ரத்தக்கட்டி விழுந்துச்சுன்னா 50 காசு அளவா அதுக்கு மேலயா, வேலைக்குப் போக முடியாத வலி எந்த நாளு, புருஷனோட சேரும்போது வலிக்குதா எல்லாத்தையும் எழுதுங்க, வெக்கப்படாதீங்க. மூணு மாசம் போதும். ஆனா மணிக்கு ஒரு பேட் நனையுது, தல சுத்துதுன்னா மூணு மாசம்லாம் காத்திருக்காம அன்னிக்கே போயிடுங்க.

அப்புறம் அரசாங்க கிளினிக், அதான் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்க, குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். வலி, ரத்தப்போக்கு இல்லாம பிள்ளை மட்டும் தங்கலன்னா, வயசு 35க்குக் கீழ இருந்தா ஒரு வருஷம் முயற்சி பண்ணிட்டுப் போங்க, 35 தாண்டிடுச்சுன்னா ஆறு மாசத்துலயே போயிடுங்க. சும்மா பீரியட் சரியில்லன்னு சொன்னா மாத்திரையோட அனுப்பிடுவாங்க, காலண்டர காட்டி, பிள்ளைக்கு முயற்சி பண்றோம், ஸ்பெஷலிஸ்ட்டுக்கு சூராட் ருஜுக்கான், அதான் அனுப்பி வைக்கிற கடிதம், வேணும்னு நேரா கேளுங்க.

ஸ்கேன்ல பைப்ராய்டு, அதான் கர்ப்பப்பை சதைக்கட்டின்னு சொன்னா எல்லாரும் எத்தன சென்டிமீட்டர்னுதான் கேப்பாங்க, அத விட எங்க இருக்குன்னு கேக்கறதுதான் முக்கியம். உள்பக்கம் துருத்திக்கிட்டு இருந்தா சின்னதா இருந்தாக்கூட கரு ஒட்டறதுக்கு தடையா இருக்கலாம், வெளிப்பக்கமா தொங்கறது பெரும்பாலும் தொந்தரவு பண்ணாது. பாலிப்புங்கற சின்ன சதை வளர்ச்சியும் உள்பக்கம்தான், கேமரா விட்டு எடுத்துடலாம். அடினோமயோசிஸ்னா கர்ப்பப்பை உள்சதை அதோட தசைக்குள்ளயே வளந்து பை வீங்கிடும், எண்டோமெட்ரியோசிஸ்னா அதே மாதிரி சதை வெளிய முட்டைப்பை, குழாய் பக்கம் வளரும், குழாய் ஒட்டிக்கிட்டா முட்டையும் விந்தும் சேர்றது கஷ்டம். இந்த எண்டோமெட்ரியோசிஸ் ஸ்கேன்ல தெரியாமலும் போகலாம், அதனால ஸ்கேன் கிளியர்னு சொல்லியும் வலி நிக்கலன்னா விடாதீங்க. கரு கலைஞ்சு சூச்சி, அதான் கர்ப்பப்பைய சுத்தம் பண்ணதுக்கப்புறம் பீரியட் ரொம்ப கொறஞ்சுபோச்சுன்னா அதையும் மறக்காம சொல்லுங்க, உள்ள தழும்பு ஒட்டியிருக்கலாம்.

ஆபரேஷன்னு சொன்னா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எனக்கு பிள்ளை வேணும்னு வாயத் தொறந்து சொல்லுங்க, ஏன்னா கர்ப்பப்பையையே எடுக்கறதும் ஒரு வைத்தியம்தான். ஹார்மோன் மாத்திரை குடுத்தா சாப்பிடற வரைக்கும் கரு தங்குமான்னு கேளுங்க, பல மாத்திரைல தங்காது. பைப்ராய்டு கட்டி எடுத்தா எத்தன மாசம் கழிச்சு முயற்சி பண்ணலாம், சிசேரியன்தானான்னும் கேட்டு வச்சுக்குங்க.

மாமியார் என்ன சொன்னாலும் சரி, புருஷனுக்கும் விந்து டெஸ்ட் எடுக்கணும், ரெண்டுல இருந்து ஏழு நாள் விந்து வெளியேறாம இருந்துட்டு குடுக்கணும், அவ்வளவுதான் வேலை. அவரையும் கூட்டிக்கிட்டு ஒரே நாள்ல போங்க, அந்த காலண்டர மட்டும் கைப்பைல இருந்து எடுத்துடாதீங்க, ஒவ்வொரு தடவையும் புது டாக்டர் மொதல்ல இருந்துதான் கேப்பாங்க.