எல்டிஎல் 90 என்றதும் நிம்மதி வேண்டாம்: சுகர் உள்ளவர்கள் லிப்பிட் ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

பெங்களூரில் எந்த லேபில் ஹெல்த் செக்கப் எடுத்தாலும் லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்பு அளவுகள்) என்று ஒரு பக்கம் கூடவே வரும். பலர் அதில் பார்ப்பது டோட்டல் கொலஸ்ட்ரால் 200-க்குள் இருக்கிறதா என்பதை மட்டும்தான். சுகர் உள்ளவருக்கு அந்த ஒரு வரி பெரிதாக எதையும் சொல்லாது.

இப்படி ஒரு ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: டோட்டல் 172, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 240, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 34, விஎல்டிஎல் (ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் துகள்) 48, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 90. எல்டிஎல் 100-க்குள் இருப்பதால் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்க மாட்டார்கள். "கெட்ட கொழுப்பு நார்மல்" என்று ஃபைலில் செருகிவிடுவார்கள். பேனாவை எடுத்து டோட்டலிலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். 172-இல் 34 போக 138. இதுதான் நான்-எச்டிஎல், அதாவது நல்ல கொழுப்பு போக மீதி எல்லாம். சுகரோடு வேறு ஆபத்தும் உள்ளவருக்கு இது 100-க்குக் கீழே இருக்க வேண்டும். 38 கூடுதல்!

எல்டிஎல் ஏன் இப்படி ஏமாற்றுகிறது? இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கல்லீரல் ட்ரைகிளிசரைடு நிறைந்த துகள்களை அதிகமாக ரத்தத்தில் விடுகிறது. அவை எச்டிஎல், எல்டிஎல் துகள்களோடு சரக்கை மாற்றிக்கொள்கின்றன. அதனால் எச்டிஎல் சீக்கிரம் கரைந்து குறைகிறது, எல்டிஎல் துகள்கள் சிறுத்துப் போகின்றன. 90 கிலோ அரிசியை 30 கிலோ மூட்டையாகக் கட்டினால் மூன்று மூட்டை, 5 கிலோ பையாகக் கட்டினால் பதினெட்டு. எடை ஒன்றுதான். ஆனால் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எத்தனை பை நுழைகிறது என்பதுதான் அடைப்பைத் தீர்மானிக்கிறது. லேப் தருவது எடை. பைகளை எண்ணித் தருவது அபோ-பி என்ற தனி டெஸ்ட். நான்-எச்டிஎல் கூடுதலாகவும் எல்டிஎல் நார்மலாகவும் வந்தால் அதையும் ஒருமுறை எடுப்பது நல்லது. 80-க்குக் கீழே வர வேண்டும்.

இன்னொரு சிக்கல், பல லேபுகள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதே இல்லை. விஎல்டிஎல் சரியாக ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்காக இருந்தால் (240-க்கு 48) அது 1972-இல் வந்த ஃப்ரீடவால்ட் சூத்திரக் கணக்காகத்தான் இருக்கும். ட்ரைகிளிசரைடு ஏற ஏற அந்தக் கணக்கு எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும். 400-ஐத் தாண்டினால் அதை நம்பவே கூடாது. 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, டாக்டரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

ரத்தம் கொடுக்கும் முன் 9 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டுத் தர்ஷினி ஓட்டலில் பை-டூ காபி குடித்துவிட்டு வந்தால் பாலும் சர்க்கரையும் கணக்கில் சேரும். நான்-எச்டிஎல்லுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை; ட்ரைகிளிசரைடுதான் மாறும். கிளிமெப்பிரைடு மாத்திரையையும் சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினையும் டிபன் வரும் வரை தொடாதீர்கள், லேப் வாசலிலேயே சுகர் இறங்கி மயக்கம் வரலாம். டெங்கு மாதிரி காய்ச்சல் வந்திருந்தால் சில வாரம் பொறுத்து எடுங்கள், அந்தச் சமயத்தில் எல்டிஎல் பொய்யாக இறங்கியிருக்கும். தைராய்டு குறைவாக இருந்தாலும் எல்டிஎல் ஏறும், ஆகவே டிஎஸ்எச் என்ற தைராய்டு டெஸ்ட் பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

இலக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. நாற்பதைத் தாண்டிய, பிரஷர், புகை, சிறுநீரில் ஆல்புமின் புரதம் என்று வேறு ஆபத்தும் உள்ள சுகர்காரருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழ். ஏற்கெனவே ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட், பக்கவாதம் என்றால் 55-க்குக் கீழ். இந்திய லிப்பிட் சங்கம் 50 என்கிறது. நான்-எச்டிஎல் இலக்கு எப்போதும் எல்டிஎல் இலக்கைவிட 30 கூட.

சாப்பாட்டில் எதைக் குறைப்பது என்பது எந்த எண் ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ட்ரைகிளிசரைடு 240 இருக்கும்போது நெய்யை மட்டும் நிறுத்திவிட்டு, சாதத்தை மலையாகக் குவித்துக்கொள்கிறார்கள். ட்ரைகிளிசரைடுக்குக் குறைக்க வேண்டியது சாதம், ஸ்வீட், ஜூஸ், மது. எல்டிஎல்லுக்குத்தான் நெய், வெண்ணெய், டால்டா, தேங்காய் எண்ணெய். பெண்ணே தோசை (வெண்ணெய் தோசை) இரண்டு கணக்கிலும் வரும். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) 10 இருக்கும்போது வரும் ட்ரைகிளிசரைடில் பெரும்பகுதி சுகரின் வேலை. முதலில் அதை இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள். எச்டிஎல்லை மாத்திரை போட்டு ஏற்றும் யோசனை வேண்டாம்: நயாசின் என்ற மாத்திரை அதை ஏற்றிக் காட்டியது, ஆனால் ஸ்டாட்டினோடு (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) சேர்த்துக் கொடுத்தபோது ஹார்ட் அட்டாக்கைக் குறைக்கவில்லை.

அடைப்பைத் தடுப்பதில் முதல் மருந்து ஸ்டாட்டின்தான். 2004-இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில், முன்பு இதய நோய் இல்லாத டைப் 2 சுகர்காரர்களுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் 10 மி.கி. கொடுத்தபோது பெரிய இதய, மூளை பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன. சுகரைக் கொஞ்சம் ஏற்றும் என்பது உண்மை, ஆனால் கிடைக்கும் பலன் அதைவிடப் பெரிது. டோஸை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும். அதனால் இலக்கு எட்டாதபோது டாக்டர் எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார், அது மேலும் 20 சதவீதம் அளவுக்கு இறக்கும். தொடை, தோள் தசை வலித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே சொல்லுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும்.

மாத்திரை ஆரம்பித்து 4 முதல் 12 வாரத்தில் மறுபடி டெஸ்ட். "உண்மையான அளவு தெரியட்டும்" என்று அதற்கு முன் மாத்திரையை நிறுத்தாதீர்கள். டெஸ்டுக்கு முந்தின நாள் இரவும் வழக்கம்போல் போட்டுக்கொண்டே போங்கள். டாக்டர் பார்க்க வேண்டியது மாத்திரையோடு உள்ள அளவைத்தான்.